ஞானஸ்நானம் வாங்கினால் சாதி போய்விடுமா? தலித் கிறிஸ்தவர்களின் 75 ஆண்டு வழக்கும் திருச்சபைகள் சொல்ல வேண்டிய சாட்சியும்

ஒரே தெரு. ஒரே தாத்தாவின் இரண்டு பேரன்கள். ஒரே அரசுப் பள்ளியில் படித்தார்கள், ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போனார்கள். ஊர்க்காரர்கள் கண்ணுக்கு இருவரும் 'காலனிப் பசங்க'தான். ஒருவர் வீட்டுச் சுவரில் முருகன் படம், இன்னொருவர் வீட்டில் மாதா படம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதல் பேரன் எஸ்.சி., இரண்டாவது பேரன் எஸ்.சி. கிடையாது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி யாராவது அடித்தால், முதல் பேரனுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வரும். இரண்டாவது பேரனுக்கு வராது. அடித்தவர் இருவரையும் ஒரே சாதியாகத்தான் பார்த்திருப்பார். சட்டம் அப்படிப் பார்க்காது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் தமிழ்நாடு, ஆந்திரா, கேரளா, பஞ்சாப் என்று பல மாநிலங்களில் இப்படி லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரே அந்த இரண்டாவது பேரனாக இருக்கலாம்.

'தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. அந்தஸ்து வேண்டுமா?' என்ற விவாதம் டிவியில் வரும்போதெல்லாம் மதமாற்றம் பற்றிய சண்டையாகத்தான் முடிகிறது. ஆனால் இந்த வழக்கின் உண்மையான முடிச்சு வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் போதாது, கோயிலுக்குள்ளும் போய்ப் பார்க்கணும்.

சட்டத்தில் என்னதான் இருக்கிறது?

அரசியலமைப்பின் 341-வது பிரிவு, எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என்று அறிவிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தருகிறது. அதன்படி 1950 ஆகஸ்ட் 10 அன்று ஓர் ஆணை வந்தது. அந்த ஆணையின் மூன்றாவது பத்திதான் இத்தனை ஆண்டு விவாதத்துக்கும் காரணம். இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்பதுதான் அதன் சாரம்.

இது திடீரென வந்த யோசனை இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் 1936-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையிலேயே இந்தியக் கிறிஸ்தவர்கள் விலக்கப்பட்டிருந்தார்கள்.

ஆனால் 1950 ஆணை கல்வெட்டு மாதிரி அப்படியே நிற்கவில்லை. 1956-ல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி சீக்கியர்களைச் சேர்த்தது. 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தது. சீக்கியமும் பௌத்தமும் கொள்கை அளவில் சாதியை ஏற்காத மதங்கள். இருந்தாலும், மதம் மாறிய பிறகும் அந்த மக்கள்மீது சாதி ஒட்டிக்கொண்டே இருந்தது என்பதை நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. மிச்சம் இருப்பவர்கள் முக்கியமாக கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும்தான்.

இன்னொரு விஷயமும் கவனிக்கணும். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை. ஜார்க்கண்டிலோ நாகாலாந்திலோ கிறிஸ்தவப் பழங்குடியினர் எஸ்.டி.யாகவே தொடர்கிறார்கள். பட்டியல் சாதிக்கு மட்டும்தான் மதம் ஒரு நிபந்தனை.

'அப்படின்னா தலித் கிறிஸ்தவர்களுக்கு எந்த இடஒதுக்கீடும் இல்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். வேறு பல மாநிலங்களிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் நிலமும் கடையும் கல்லூரியும் வைத்திருக்கும் சமூகங்களோடு அவர்கள் போட்டியிட வேண்டும். எஸ்.சி.க்கான தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: கிறிஸ்தவத்தைப் பின்பற்றும் ஒருவர் பட்டியல் சாதிக்காரராக அந்தச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க முடியாது. அந்த வழக்கில் புகார் கொடுத்தவர் ஒரு போதகர்.

ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கு

சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர் சமூகத்தில் பிறந்து கிறிஸ்தவராக மாறியவர். சாலையோரத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாக பங்க் கொடுத்தபோது, இந்துவாக இருந்த எஸ்.சி. தொழிலாளிகளுக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. ஒரே வெயில், ஒரே தொழில், மதம் மட்டும் வேறு. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

1985-ல் தீர்ப்பு வந்தது. சூசை தோற்றார். ஆனால் தோற்ற விதம் முக்கியம். 'மதம் மாறினால் சாதி போய்விடும்' என்று மட்டும் சொல்லி நீதிமன்றம் வழக்கை முடிக்கவில்லை. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது என்றது. இந்து சமூகத்தில் பட்டியல் சாதியினர் சந்திக்கும் இழிவுக்கும் பின்தங்கிய நிலைக்கும் இணையான கொடுமை புதிய மதச் சூழலிலும், அதாவது கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கான நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் தன் முன் வைக்கப்படவில்லை என்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீதிமன்றம் கேட்ட ஆதாரம் என்ன? கிறிஸ்தவர்கள் மத்தியில் தீண்டாமை இருக்கிறது என்பதற்கான சாட்சி. அந்தச் சாட்சியை அதிகாரபூர்வமாகச் சொல்லக்கூடியவர்கள் யார்? திருச்சபைகள்தான். அதாவது, தன் மக்களுக்கு நீதி கிடைக்க வேண்டுமென்றால் திருச்சபை தன்மீதே குற்றம் சுமத்திக்கொள்ள வேண்டும். 'எங்களிடம் சாதி இல்லை' என்று சொல்லும் ஒவ்வொரு ஆயரும் போதகரும், தனக்குத் தெரியாமலேயே சூசைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார்.

கோயிலுக்குள் என்ன நடந்தது?

கிறிஸ்தவத்தின் கொள்கையில் குழப்பமே இல்லை. கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர், அடிமை, சுதந்திரர் என்ற பேதம் கிடையாது என்பது பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் மையமான கருத்து. நடைமுறை வேறாக இருந்தது. தமிழ்நாட்டில் இதற்கான தடங்கள் நிறையவே கிடைக்கின்றன.

1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, சந்நியாசி போல வாழ்ந்து, உயர்சாதியினரைத் தேடிப் போனார். மதம் மாறியவர்கள் சாதி வழக்கங்களைத் தொடரலாம் என்று அனுமதித்தார். பிறகு மற்ற சாதியினருக்காகத் தனியாகப் 'பண்டாரசாமிகள்' வந்தார்கள். தொடக்கத்திலேயே இரண்டு வாசல்.

சீர்திருத்தச் சபைகளிலும் இந்தச் சண்டை இருந்தது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு. சேர்ந்து உட்காரச் சொன்னதற்காக சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆராதனையை விட்டே வெளியேறினார்கள்.

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயிலின் கதை இன்னும் விசித்திரம். வேளாளரும் நாடாரும் சேர்ந்து உட்கார மறுத்ததால், கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு பகுதிகளாகக் கோயிலைக் கட்டினார்கள். இரண்டும் பீடத்தில் போய்ச் சேரும், நடுவில் சுவர். பீடத்தில் நிற்கும் சாமியாரை இரு பக்கமும் பார்க்கும், ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது.

பழைய கதை என்று கடந்துவிட முடியாது. 2008 மார்ச்சில் அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். பொதுக் கோயிலில் சம உரிமை கிடைக்காததால் எழுந்த கோரிக்கை அது. மோதல் வெடித்தது, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். மோதிக்கொண்ட இரு தரப்பும் ஒரே ஜெபமாலை மாதாவைக் கும்பிடும் கத்தோலிக்கர்கள். திருச்சி மேலப்புதூரின் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளுக்குத் தனிப் பகுதி, நடுவில் ஒரு சுவர் என்ற விஷயம் பல ஆண்டுகளாகச் செய்தியில் வந்துகொண்டே இருந்தது. கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையம் பங்கில் பாகுபாடு நடப்பதாக அங்குள்ள தலித் கிறிஸ்தவர்கள் தொடுத்த வழக்கு 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது.

தமிழ்நாட்டில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். 2018-ல் கேரளாவின் கோட்டயத்தில் ஒரு தலித் கிறிஸ்தவ இளைஞர் காதலித்துத் திருமணம் செய்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். 2019-ல் இதைக் கௌரவக் கொலை என்றே நீதிமன்றம் வகைப்படுத்தி, பெண்ணின் சகோதரர் உட்பட 10 பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. கொலை செய்தவர்கள் அந்த இளைஞர் எந்த மதம் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

கல்யாண விளம்பரங்களைப் பாருங்கள். 'ஆர்.சி.' என்று போட்டு, பக்கத்திலேயே சாதிப் பெயர். 'சி.எஸ்.ஐ.' என்று போட்டு, அங்கேயும் சாதிப் பெயர். ஞானஸ்நானம் வாங்கிப் பத்துத் தலைமுறை ஆன குடும்பங்களும் இதில் அடக்கம்.

இதைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் என்ன யோசித்தார்கள்?

பேசாமலேயே இருந்தார்கள் என்று சொல்வது நியாயமில்லை. குறைந்தது மூன்று விதமான பதில்கள் வந்தன.

முதல் பதில், வெளியேறுவது. கேரளாவில் பொய்கையில் யோகன்னான், அடிமைச் சாதி என்று ஒதுக்கப்பட்ட மக்களில் ஒருவர், சபை சபையாக மாறிப் பார்த்தார். எல்லா இடத்திலும் சாதிப் பாகுபாடு கூடவே வந்தது. கடைசியில் சபைகளை உதறிவிட்டு, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபை' என்ற தனி இயக்கத்தைத் தொடங்கினார். தன் மக்களைப் பற்றி ஒரு வரிகூட எந்த வரலாற்றிலும் இல்லை என்பதே அவருடைய பாடல்களின் பெரிய வேதனை.

இரண்டாவது பதில், இறையியலையே மாற்றி எழுதுவது. 1981-ல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்துதான் 'தலித் இறையியல்' என்ற சிந்தனை வளர்ந்தது. அவர் பிறகு சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் இதற்கான துறையை வழிநடத்தினார். அவர் கேட்டது எளிமையான கேள்விதான்: இந்தியத் திருச்சபையின் பெரும்பான்மை தலித்துகள் என்றால், இந்தியக் கிறிஸ்தவ இறையியல் ஏன் பிராமணத் தத்துவத்தோடு மட்டும் உரையாடிக்கொண்டிருந்தது? அவர் பார்வையில் இயேசுவே ஒரு தலித். ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், ஊருக்கு வெளியே கொல்லப்பட்டவர்.

மூன்றாவது பதில், நிறுவனங்களின் ஒப்புதல். 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, கிறிஸ்தவர்களுக்கு இடையே சாதி மனப்பான்மையின் சாயல் இருந்தால்கூட அது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கே எதிரானது என்று போப் இரண்டாம் ஜான் பால் அவர்களிடமே சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. எல்லோரையும் உள்ளடக்கிய சமூகத்தைக் கட்டுவது அறநெறிக் கடமை என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. திருச்சபைக்குள் தீண்டாமையும் பாகுபாடும் இருப்பதை அது வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. 2022-ல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். இந்தியாவின் முதல் தலித் கர்தினால் என்று செய்திகள் வந்தன. இயேசுவின் சீடர் தோமா கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இந்தியா வந்தார் என்று நம்பும் ஒரு சமூகத்தில், இது நடக்க 2022 வரை ஆனது.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் கேட்க வேண்டியது உண்டு

இந்தக் கோரிக்கையை எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை.

முதலாவது, மத்திய அரசின் வாதம். 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலில், தீண்டாமை இந்து சமூகத்தின் கொடுமை, கிறிஸ்தவத்திலும் இஸ்லாத்திலும் அது இல்லை, அந்தக் கொடுமையிலிருந்து தப்பிக்கத்தானே மக்கள் மதம் மாறினார்கள் என்று அரசு கேட்டது. இதற்கு மேலே பார்த்த ஊர்களே பதில். ஆனால் திருச்சபைகள் பல தலைமுறைகளாக மேடையில் சொல்லிவந்த வாக்கியத்தைத்தான் அரசு நீதிமன்றத்தில் திருப்பிச் சொல்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, தற்போதைய எஸ்.சி. மக்களின் கவலை. மத்திய அரசு வேலைகளில் எஸ்.சி. ஒதுக்கீடு 15 சதவீதம். அந்த அளவைக் கூட்டாமல் ஆட்களை மட்டும் சேர்த்தால் ஏற்கெனவே இருப்பவர்களின் பங்கு குறையும். மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவர்கள் முன்னே போய்விடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. இதை வெறுப்பு என்று ஒதுக்க முடியாது, பந்தியில் இலை குறைவாக இருக்கும்போது வரும் பயம் இது. பௌத்தர்களைச் சேர்த்தபோதும் ஒதுக்கீட்டு அளவு பற்றிய கேள்வி எழுந்தது. எனவே சேர்ப்பதா வேண்டாமா என்பதோடு, எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதையும் சேர்த்தே பேசியாக வேண்டும்.

மூன்றாவது, திருச்சபைகளை நோக்கிய கேள்வி. சிறுபான்மை உரிமையின் பெயரில் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளை நடத்துகிறீர்களே, அங்கே தலித் கிறிஸ்தவர்களுக்கு எத்தனை இடம் கொடுத்தீர்கள்? இதை வெளியாள் மட்டும் கேட்கவில்லை. தலித் கிறிஸ்தவ இயக்கங்களே பல பத்தாண்டுகளாக ஆயர் இல்லங்களின் வாசலில் நின்று கேட்கிறார்கள்.

கமிஷன் மேல் கமிஷன்

2004-ல் இந்த மூன்றாவது பத்தியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. 2007-ல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான ஆணையம், அந்தப் பத்தியையே நீக்கிவிட்டு எஸ்.சி. அந்தஸ்தை மதத்திலிருந்து பிரித்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. அதன் உறுப்பினர் செயலர் மட்டும் இதற்கு மாற்றுக் கருத்து எழுதினார். 2008-ல் தேசிய சிறுபான்மையினர் ஆணையத்துக்காகச் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே தலைமையில் தயாரான அறிக்கை, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசி, தலித் கிறிஸ்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் இந்த அந்தஸ்தை மறுக்க வலுவான காரணம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. கள ஆய்வு இல்லாமல் எழுதப்பட்டது என்று சொல்லி மிஸ்ரா அறிக்கையை மத்திய அரசு ஏற்கவில்லை.

2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டு, பிறகு அது நீட்டிக்கப்பட்டது. இதற்குத் தரப்பட்ட வேலைகளில் இரண்டைக் கவனியுங்கள். மதம் மாறிய பிறகு அந்த மக்களின் பழக்கவழக்கங்களும் அவர்கள் சந்திக்கும் பாகுபாடும் எப்படி மாறியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இவர்களைச் சேர்த்தால் ஏற்கெனவே இருக்கும் எஸ்.சி. மக்களுக்கு என்ன விளைவு என்றும் பார்க்க வேண்டும். 1985-ல் சூசையிடம் கேட்ட அதே ஆதாரத்தைத்தான் இன்றும் நாடு கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில் 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. அந்தஸ்து தர வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. பா.ஜ.க. உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தார்கள். தீர்மானத்துக்கு அரசியல் எடை உண்டு, சட்ட எடை இல்லை. மாற்ற வேண்டியது நாடாளுமன்றம்தான்.

இரட்டை வாழ்க்கை

சட்டம் இப்படி இருக்கும்போது மக்கள் என்ன செய்வார்கள்? பலர் இரண்டு பெயரில் வாழ்கிறார்கள். சான்றிதழில் ஒரு பெயர், கோயில் பதிவேட்டில் ஒரு பெயர். ஞாயிற்றுக்கிழமை ஜெபம், அரசுப் பதிவில் இந்து.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிக் கடுமையாகப் பேசியது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், கிறிஸ்தவ முறையில் வாழ்ந்துகொண்டே எஸ்.சி. சான்றிதழ் கேட்டார் என்பது வழக்கு. நம்பிக்கை இல்லாமல் ஒதுக்கீட்டுக்காக மட்டும் ஒரு மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று நீதிமன்றம் சொன்னது.

இன்றைய சட்டத்தின்படி பார்த்தால் அந்தத் தீர்ப்பின் தர்க்கம் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டம் மனிதர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதையும் பார்க்கணும். ஒருவர் தன் நம்பிக்கையைச் சொன்னால் உரிமை போகும், உரிமையைக் கேட்டால் நம்பிக்கையை மறைக்க வேண்டும். வேலைக்கான நேர்முகத் தேர்வில் கழுத்துச் சிலுவையைக் கழற்றிப் பைக்குள் போட்டவர்கள் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். மதச் சுதந்திரம் தரும் 25-வது பிரிவும், பட்டியல் சாதியைச் சொல்லும் 341-வது பிரிவும் ஒரே அரசியலமைப்பில்தான் இருக்கின்றன. அவருக்கு மட்டும் அவை ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன.

அப்போ முடிச்சு எங்கே?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10-ஐ தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆயர்களும் போதகர்களும் கறுப்புக் கொடியோடு டெல்லிக்கும் சென்னைக்கும் வருகிறார்கள். நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறும் உண்டு. தெருவில் இறங்கி அரசைக் கேட்பதில் திருச்சபைகள் குறை வைக்கவில்லை.

ஆனால் அரசைக் கேட்கும் தார்மீக பலம் வீட்டிலிருந்து வர வேண்டும். 'சாதி எங்கள் மக்களை இன்னும் நசுக்குகிறது, எனவே எஸ்.சி. அந்தஸ்து கொடுங்கள்' என்று டெல்லியில் சொல்லிவிட்டு, 'எங்கள் பங்கில் அப்படி எதுவும் இல்லை' என்று ஊரில் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். கல்லறைச் சுவர் எங்கே இருக்கிறது, எந்தப் பங்கில் தேர் காலனித் தெருவுக்குள் வராது, எத்தனை கல்லூரி முதல்வர்கள் தலித்துகள் என்று திருச்சபைகளே கணக்கெடுத்து ஆணையத்தின் முன் வைத்தால், அதைவிடப் பெரிய ஆதாரம் வேறு இருக்காது. மானம் போகும்தான். ஆனால் பாவசங்கீர்த்தனத்தை ஒரு திருவருட்சாதனமாகவே வைத்திருக்கும் சபைக்கு, குற்றத்தை ஒப்புக்கொள்வது அந்நியமான வேலையா என்ன?

அரசுக்கும் இதே கேள்வி உண்டு. ஒரு சமூகத்தின் கொள்கைப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து உரிமை கொடுப்பதா, அந்த மனிதர் தெருவில் என்ன அனுபவிக்கிறார் என்று பார்த்துக் கொடுப்பதா? சீக்கியருக்கும் பௌத்தருக்கும் தெருவைப் பார்த்தவர்கள், கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் மட்டும் புத்தகத்தைப் பார்ப்பது ஏன்?

இதில் உங்களுக்கு என்ன வேலை?

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அதற்கான அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. கணக்கெடுப்பாளர் கிறிஸ்தவ வீடுகளுக்கும் வருவார்.

நீங்கள் கிறிஸ்தவராக இருந்தால், 'எங்களுக்குச் சாதி இல்லை' என்ற பதில் வாயில் தயாராக இருக்கும். சொல்வதற்கு முன் உங்கள் வீட்டில் கடைசியாகப் பேசிய கல்யாணப் பேச்சை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நீங்கள் கிறிஸ்தவர் இல்லையென்றால், 'அதான் மதம் மாறிட்டாங்களே, அப்புறம் என்ன?' என்று கேட்பதற்கு முன், உங்கள் ஊரில் அந்தத் தெருவுக்குப் பெயர் மாறியதா என்று பாருங்கள்.

ஒரே தாத்தாவின் அந்த இரண்டு பேரன்களும் பதில் சொல்வார்கள். அதில் ஒருவராவது உண்மையைச் சொல்வதால் எதையும் இழக்கக் கூடாது.